எலும்பு வார்டு அழுமூஞ்சிகள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்து முகம் சுளிக்க வேண்டாம். என் வீட்டுக்காரருக்குக் கோபமே வராது. அவருக்கு நூலகத்தில் வேலை. 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்குக் கீழேயே உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கு அது ஊறிப்போய்விட்டது. எதைக் கேட்டாலும் "பரவாயில்ல" என்பார். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர். பல்வலியில் கன்னம் வீங்கி ஒரு கண்ணே மூடிப்போயிருந்த நாளில்கூட "ஒண்ணுமில்ல, சரியாப் போயிடும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பியவர். கல்யாணமாகி இருபத்திநாலு வருஷத்தில் அவருக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்பதை நான் அவர் வாயிலிருந்து கேட்டதே இல்லை.

அப்படிப்பட்டவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஸ்டூலிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். மின்விசிறியில் தூசி, தூசி என்று மூன்று நாளாக அவர் உயிரை வாங்கியது நான்தான். கால் போகக் கூடாத பக்கம் திரும்பிக் கிடக்கிறது. "வலிக்குதாங்க?" என்று பதறிப்போய்க் கேட்கிறேன். "லேசா" என்கிறார். எனக்கு அழுகையும் வந்தது, அவரை அடிக்கவேண்டும் போலவும் வந்தது.

நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே நானும் மகளுமாகக் கொண்டுபோனோம். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு துண்டு, ஆபரேஷன் செய்து தகடு வைக்கவேண்டும், எலும்பு வார்டில் சேருங்கள் என்றார்கள். எலும்பு வார்டு என்றதும், வேறு வார்டில் இடமே இல்லையா என்று கேட்டேன். அந்த ஆஸ்பத்திரியிலேயே மோசமான வார்டு அதுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவளே நான்.

என் வேலையைச் சொல்லவேண்டும். தரைத்தளத்தில், மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிறேன். நோயாளிகள் வீட்டுக்குப் போகும்போது ஒரு படிவம் கொடுப்பார்கள். அதை நிரப்பி வார்டு வாசலில் இருக்கும் பூட்டிய பெட்டிக்குள் போடவேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் எல்லாப் பெட்டிகளும் தள்ளுவண்டியில் என் அறைக்கு வரும். நான் திறந்து, எண்ணி, எந்த வார்டில் நோயாளிகளுக்கு எவ்வளவு திருப்தி என்று பெரிய டாக்டருக்கு ரிப்போர்ட் கொடுப்பேன். பெட்டி வரும், பெட்டி போகும். ஆறு வருஷத்தில் ஒரு வார்டுக்குள்ளும் நான் காலெடுத்து வைத்ததில்லை. அதற்கு அவசியம் இருப்பதாகவும் தோன்றியதில்லை.

முன்பெல்லாம் அந்தப் படிவத்தில் பொடி எழுத்தில் இருபது கேள்விகள் இருக்கும். பாவம், தையல் பிரித்த வயிற்றோடு நிற்பவர்கள் இருபது கேள்வியையா படிப்பார்கள்? மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக இழுத்துவிட்டுப் போய்விடுவார்கள். நான்தான் ஒரு யோசனை சொன்னேன். கேள்வியே வேண்டாம். ஐந்து முகங்களை வரிசையாகப் போடுவோம். முதல் முகம் வாய்கொள்ளாத சிரிப்பு, ஐந்தாவது முகம் கண்ணீர் விட்டு அழுகை. 'உங்களுக்குப் பொருத்தமான முகத்தில் குறியிடவும்' என்று ஒரே ஒரு வரி. பெரிய டாக்டர் என்னைக் கூட்டத்தில் எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைத்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது என் கால் தரையில் படவில்லை.

முகங்கள் வந்ததும் எல்லா வார்டும் சிரித்தது. எலும்பு வார்டும் சிரித்துக்கொண்டுதான் இருந்தது, எட்டு மாசத்துக்கு முன்னால் புதிதாக ஒரு தலைமை நர்ஸ் வரும்வரை. அதற்கப்புறம் அந்தப் பெட்டியைத் திறந்தால் ஒரே அழுமூஞ்சிகள். பத்துப் படிவத்தில் எட்டு அழும். நான் பொறுத்துப் பார்த்தேன். மாசத்துக்கு மாசம் மோசமானது. போன வெள்ளிக்கிழமை கொடுத்த ரிப்போர்ட்டில், 'தலைமை நர்ஸ் நோயாளிகளை நடத்தும் விதமே காரணம்' என்று எழுதிவிட்டேன். அந்த அம்மாவின் முகத்தை நான் பார்த்ததுகூட இல்லை. பெரிய டாக்டர் படித்துவிட்டு, "இந்தத் திங்கள் இல்ல, அடுத்த திங்கட்கிழமை கூட்டத்துல இவங்கள வார்டுலேர்ந்து எடுத்துத் துணி ஸ்டோருக்கு மாத்திடலாம்" என்றார். போர்வையும் தலையணை உறையும் எண்ணிக் கொடுக்கிற இடம் அது. எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

அந்த நர்ஸின் கையில்தான் இப்போது என் வீட்டுக்காரரின் கால். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சண்டைக்குத் தயாராக மூன்றாவது மாடிக்கு ஏறினேன்.

பத்துக் கட்டில் வார்டு. ஜன்னலோரக் கட்டிலில் இவரைப் படுக்க வைத்திருந்தார்கள். தலைமை நர்ஸ் வந்தார். நல்ல உயரம், தடிமனான கண்ணாடி, சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை. வந்தவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, இவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"ஆபரேஷன் நாளைக்குப் பதினோரு மணிக்கு. தள்ளிப்போனா பத்தரைக்கே நான் வந்து சொல்றேன். முடிஞ்சதும் வலிக்கும். ரெண்டு நாள் நல்லாவே வலிக்கும். மூணாவது நாள் கொறையும். அப்புறம் நடக்க வைக்கும்போது மறுபடியும் வலிக்கும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என்ன நீங்க, படுத்திருக்கிறவரப் போய் இப்படிப் பயமுறுத்துறீங்க?"

"பயமுறுத்தலம்மா. சொல்லி வைக்கிறேன்" என்றார். எழுந்து போகும்போது, கூப்பிடு மணியின் பட்டன் சுவரில் எட்டாத உயரத்தில் தொங்கியதைப் பார்த்து, கயிற்றை அவிழ்த்து இவர் கைக்கடியில் வைத்துவிட்டுப் போனார். அப்படியே எங்கிருந்தோ ஒரு நாற்காலி கொண்டுவந்து எனக்கும் போட்டார். அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது என்று ஐந்து நிமிஷம் வீம்பாக நின்றேன். அப்புறம் கால் வலித்தது, உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் பத்தேமுக்கால் ஆகட்டும், வைத்துக்கொள்கிறேன் என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாகப் பத்தரைக்கு அந்த அம்மா வந்து நின்றார். "முன்னாடி போனவருக்கு இழுத்துக்கிட்டுப் போகுது. உங்களுக்குப் பதினொண்ணே நாப்பது." பதினொன்று நாற்பதுக்குக் கட்டில் நகர்ந்தது. நான் சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் வீணாய்ப்போயிற்று.

பக்கத்துக் கட்டிலில் ஒரு லாரி டிரைவர். இரண்டு வாரமாக அங்கேதான் இருக்கிறார். அவர் சிரித்தார். "அக்கா, நாங்க அவங்களுக்கு மணிக்கூண்டுன்னு பேரு வச்சிருக்கோம். எட்டு மணிக்கு வரேன்னா எட்டு மணிக்கு வரும். கடிகாரமே வேணாம்."

"சிரிக்கவே மாட்டாங்களா?"

"மணிக்கூண்டு எங்கயாவது சிரிக்குமா?"

வேலை நாட்களில் மத்தியானச் சாப்பாட்டு வேளையிலும் சாயங்காலம் நாலு மணிக்கும் நான் மேலே ஏறிப் பார்த்துவிட்டு வருவேன். வார்டில் எல்லோரும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாகப் புலம்பினார்கள். சாப்பாட்டில் உப்பே இல்லையாம். லாரி டிரைவர் ஒவ்வொரு வாய்க்கும் முகத்தைக் கோணுவார். என் வீட்டுக்காரர் மட்டும் தட்டை வழித்துச் சாப்பிட்டார். "எப்படி சார் இதை உள்ள தள்றீங்க?" என்று டிரைவர் கேட்டால், "பரவாயில்லையே, நல்லாத்தான் இருக்கு" என்பார். குறை சொல்லாத மனிதர் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இவர் சாதாரணமாகச் சொன்னார். "காலையில நல்ல வலி. ராத்திரி முழுக்கத் தாங்கினேன். சொன்னதும் மாத்திரைய மாத்திக் குடுத்தாங்க."

"யாரு சொன்னது?"

"நான்தான். தெனமும் காலையில எட்டு மணிக்கு வந்து கேக்குறாங்க. ஒண்ணுமில்லன்னு சொன்னா விடமாட்டேங்குறாங்க. 'நீங்க மறைச்சா நான் எதுக்கு மருந்து குடுக்கிறது'ன்னு கேட்டாங்க. அதனால இப்பல்லாம் உள்ளதச் சொல்லிடுறேன்."

எனக்குப் பொறாமை வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நெஞ்சு எரிகிற மாதிரி பொறாமை. இருபத்திநாலு வருஷமாக என்னிடம் சொல்லாத வலியை மூன்று நாள் பழக்கத்தில் மணிக்கூண்டிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பொறாமையோடு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் தூக்கம் வரவில்லை. ஏனென்றால், அதற்குள் எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துப்போயிருந்தது. இவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொள்கிறவரைத்தான் திங்கட்கிழமை துணி ஸ்டோருக்கு அனுப்பப்போகிறார்கள், என் எழுத்தை நம்பி. வார்டில் யாரைக் கேட்டாலும் தங்கம் என்கிறார்கள். பெட்டியைத் திறந்தால் அழுகை. யாரோ படிவத்தை மாற்றிப் போடுகிறார்களோ? அப்படித்தான் இருக்கவேண்டும் என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. கையும் களவுமாகப் பிடிப்பது என்று மத்தியானம் இரண்டு மணிக்கே வந்து, வார்டு வாசலில் பெட்டிக்கு எதிரே ஒரு பழைய பத்திரிகையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம். ஒரு ஈ கூடப் பெட்டிப் பக்கம் வரவில்லை. மகள் வந்து, "அம்மா, பத்திரிகைய தலைகீழாப் பிடிச்சிருக்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நாலு மணிக்கு உள்ளே போனேன். மறுநாள் இவரை அனுப்புவதாக முடிவாகியிருந்ததால் படிவம் வந்திருந்தது. நான் உருவாக்கிய அதே படிவம். இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஐந்து முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கண்ணை மூடி யோசித்தார். அப்புறம் பேனாவை எடுத்து, ஐந்தாவது முகத்தில், அந்த அழுமூஞ்சியில், அழுத்தமாக ஒரு குறி போட்டார்.

"என்னங்க பண்றீங்க!" நான் போட்ட சத்தத்தில் பத்துக் கட்டிலும் திரும்பியது. "உங்களுக்கு என்ன குறை வச்சாங்க? நன்றி கெட்ட மனுஷனா நீங்க? எதுக்கும் பரவாயில்ல சொல்ற வாய், இதுக்குப் போய் அழுமூஞ்சியா?"

இவர் மிரண்டு போனார். "நீயேன் கத்துற? உள்ளதத்தானே போட்டேன். இன்னைக்குக் காலையில ஊன்றுகோல் வச்சுப் பன்னெண்டு படி ஏறி எறங்கினேன். வலி உயிர் போயிடுச்சு. நேத்தைக்கு மூணாவது மூஞ்சி. இன்னைக்கு அஞ்சுதான்."

"எந்த மூணாவது மூஞ்சி?"

கட்டிலின் தலைமாட்டில் தொங்கிய கோப்பை எடுத்துப் பிரித்துக் காட்டினார். உள்ளே கண்ணாடித் தாள் ஒட்டிய ஒரு அட்டை. அதில் வரிசையாக ஐந்து முகங்கள். முதல் முகம் வாய்கொள்ளாத சிரிப்பு, ஐந்தாவது முகம் கண்ணீர். அதற்குக் கீழே, நாள்வாரியாக, எவ்வளவு வலி என்று குறித்திருந்தது. தினமும் காலையில் இந்த அட்டையை நீட்டித்தான் மணிக்கூண்டு கேட்பாராம், "இன்னைக்கு எந்த மூஞ்சி?" என்று. எட்டு மாசத்துக்கு முன்னால் அவர் வந்த நாளிலிருந்து அந்த வார்டில் அதுதான் வழக்கமாம். மூஞ்சியைப் பார்த்துத்தான் மருந்தாம்.

மெதுவாக லாரி டிரைவர் பக்கம் திரும்பினேன். "தம்பி, நீங்க என்ன போட்டிருக்கீங்க?"

"நானும் அஞ்சுதாங்க்கா" என்று தன் படிவத்தை எடுத்து ஆட்டினார். "படி ஏறிக் காட்டினாத்தான் வீட்டுக்கு அனுப்புவாங்க. ஏறின அன்னிக்குச் சாயங்காலம்தான் இந்தப் பேப்பரக் குடுக்குறாங்க. கூட்டிக் குறைச்சுச் சொல்லக் கூடாதுன்னு மணிக்கூண்டு ஸ்ட்ரிக்டா சொல்லியிருக்கு."

தலையில் அடித்துக்கொண்டேன். எட்டு மாசம்! எட்டு மாசமாக நான் திருப்தி என்று எண்ணிக்கொண்டிருந்தது எல்லாம் முழங்கால் வலியும் இடுப்பு வலியும். வார்டுக்குள் ஒரே ஒரு நாள் எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடுத்த நொடியே திங்கட்கிழமை ஞாபகம் வந்து சிரிப்பு அடங்கியது.

நர்ஸ்கள் அறைக்கு ஓடினேன். அந்த அம்மா மேஜை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தார். ஒரு டம்ளர், ஒரு ஸ்வெட்டர், இரண்டு பேனா, எல்லாம் ஒரு துணிப்பைக்குள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நாளைக்கு உங்கள..."

"ஸ்டோருக்கு மாத்துறாங்க. தெரியும்மா. போன வாரம் சனிக்கிழமையே கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க. ரிப்போர்ட்டையும் காட்டினாங்க."

"அத எழுதினது..."

"நீங்கதான். கீழ கையெழுத்து இருந்துச்சே. செவ்வாய்க்கிழமை உங்க வீட்டுக்காரர் கேஸ் ஷீட்ல உங்க பேரப் பார்த்ததுமே தெரிஞ்சுக்கிட்டேன்."

முதல் நாளே தெரியுமாம். தெரிந்தேதான் மணிப் பட்டனைக் கைக்கடியில் வைத்தாராம். தெரிந்தேதான் எனக்கு நாற்காலி போட்டாராம்.

"என் மேல கோவமே வரலையா உங்களுக்கு?"

"வந்துச்சு" என்றார், டம்ளரைத் துணியில் சுற்றிக்கொண்டே. "ஆனா கால் உடைஞ்சது அவருக்கு. அவரா ரிப்போர்ட் எழுதினார்?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்தப் பைய அப்படியே வைங்க. நாளைக்குப் பத்து மணி வரைக்கும் எதையும் தூக்காதீங்க" என்று அதட்டினேன். மன்னிப்புக் கேட்கவேண்டிய இடத்திலும் எனக்கு அதட்டத்தான் வருகிறது.

வெள்ளைத் தாள்களை எடுத்துக்கொண்டு வார்டுக்குள் போய், ஒவ்வொரு கட்டிலாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். முகம் கிகம் எதுவும் கிடையாது. "வலிய விடுங்க. இங்க உங்கள எப்படிப் பாத்துக்கிட்டாங்க, வாயால சொல்லுங்க" என்றேன். அவர்கள் சொன்னதை அப்படியே எழுதினேன். ஆறு வருஷத்தில் நான் உருப்படியாகச் செய்த முதல் வேலை அதுதான்.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கூட்டம். பெரிய டாக்டர் மாற்றல் உத்தரவை எடுத்துக் கையெழுத்துப் போடப் போகும் நேரத்தில் எழுந்து நின்றேன். போன தடவை இதே அறையில் எழுந்து நின்றது கைதட்டு வாங்க. இப்போது என் தப்பை நானே ஒப்புக்கொள்ள. வலி அட்டையையும் என் படிவத்தையும் அவர் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

அவர் இதைப் பார்த்தார், அதைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "அப்போ எட்டு மாசமா நாம வலியத்தான் எண்ணிக்கிட்டு இருந்தோமா?"

"நாம இல்ல சார். நான். தப்பு முழுக்க என்னோடது. நேர்ல போய்க் கேக்காம எழுதினேன்."

"சரி, மத்த வார்டுல எல்லாம் சிரிச்ச மூஞ்சியாப் போடுறாங்களே, அது?"

"அது எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு இப்ப எனக்குத் தெரியல சார். வீட்டுக்குப் போற சந்தோஷமாக்கூட இருக்கலாம்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெரிய டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. நான் வெள்ளைத் தாள்களை எடுத்துப் படித்தேன்.

'வலிக்காதுன்னு பொய் சொல்லல. சொன்ன அளவுதான் வலிச்சுது.' இது மூலைக் கட்டிலில் இருந்த ஒரு தையல்காரர் சொன்னது. 'டாக்டர் வர்றதுக்கு லேட்டாகும்னா எவ்வளவு லேட்டுன்னு வந்து சொல்லிட்டுப் போனாங்க.' 'உக்காந்து பேசுறாங்க. நின்னுக்கிட்டே பேசினா நமக்கு அவசரமா இருக்கும்.' 'என் பொண்டாட்டிக்கு நாற்காலி போட்டாங்க, அவ மொதல் நாளே சண்ட போட்டும்கூட.' இது யாருடையது என்று சொல்லவேண்டியதில்லை. 'சாப்பாட்டுல உப்பில்ல. ஆனா உப்பில்லன்னு சொன்னப்போ கேட்டுக்கிட்டாங்க.' கடைசியாக லாரி டிரைவருடையது: 'அடுத்த காலும் உடைஞ்சா இங்கதான் வருவேன்.'

இப்போது எல்லோருமே சிரித்துவிட்டார்கள். பெரிய டாக்டரும்தான். உத்தரவை இரண்டாக, நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். "வர்ற வாரத்துலேர்ந்து எல்லா வார்டுலயும் நீங்க இப்படியே உக்காந்து கேட்டுட்டு வாங்க" என்றார். அறையை விட்டு வெளியே வந்த பிறகு, லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் மூன்று மாடியையும் ஓடியே ஏறினேன்.

மணிக்கூண்டு ஸ்டூலில் உட்கார்ந்து, வீட்டில் எப்போது எந்த மாத்திரை என்று என் வீட்டுக்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். உத்தரவைக் கிழித்துவிட்டார்கள், நீங்கள் எங்கேயும் போகவேண்டாம். லாரி டிரைவர் ஊன்றுகோலால் தரையைத் தட்டோ தட்டென்று தட்டினார். வார்டே அமர்க்களப்பட்டது.

அந்த அம்மா கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார். அப்புறம் கோப்பிலிருந்த அட்டையை எடுத்து என் முன்னால் நீட்டினார். "இன்னைக்கு எந்த மூஞ்சி?"

நான் முதல் முகத்தைத் தொட்டேன். "உங்களுக்கு?"

அவரும் அதே முகத்தின் மேல் விரலை வைத்தார். வைத்துவிட்டுச் சிரித்தார். பல்வரிசை அவ்வளவு அழகு. "மணிக்கூண்டு சிரிச்சிருச்சு!" என்று டிரைவர் கத்தினார். "சரி சரி, பதினொண்ணேகால். மருந்து நேரம்" என்று அந்த அம்மா எழுந்து போய்விட்டார்.

இவரை வீட்டுக்குக் கூட்டிவந்து, காலைத் தலையணை மேல் தூக்கி வைத்து, அடுப்படிக்குள் புகுந்தேன். ஒரு வாரம் கழித்து வீட்டுச் சாப்பாடு சாப்பிடப்போகிறாரே என்று பார்த்துப் பார்த்துச் சமைத்தேன். தட்டில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். மகளும் உட்கார்ந்தாள். இவர் ஒரு வாய் சாப்பிட்டார். மென்றார். என்னைப் பார்த்தார்.

"எப்படிங்க இருக்கு?"

"நாலாவது மூஞ்சி" என்றார்.

"என்னது?"

"உப்புக் கம்மி." கொஞ்சம் தயங்கினார். அப்புறம், ஒரு வாரப் பயிற்சி வீண்போகவில்லை, சொல்லியே விட்டார். "எப்பவுமே கம்மிதான்."

"எப்பவுமேன்னா?"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து."

ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை ஏன் வழித்து வழித்துச் சாப்பிட்டார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் மகளைப் பார்த்தேன். அவள் நைசாக எழுந்துபோய், தன் புத்தக அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன உப்பு டப்பாவை எடுத்துவந்து நடுவில் வைத்தாள்.

"அடப்பாவிங்களா! ஒருத்தராவது வாயைத் திறந்தீங்களா?" என்று கத்தினேன். கத்த ஆரம்பித்தவள் பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வழிகிற அளவுக்குச் சிரித்தேன். இவர் டப்பாவைத் திறந்து, தன் தட்டில் ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டு, என் தட்டிலும் ஒரு சிட்டிகை போட்டார்.

பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.